கொய்யா இலையும் ஒரு பிடி உப்பும்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள் கண்ணுகளா, எனக்குக் குரல் எழும்பவில்லை. களைத்துப் போன ஒருத்தியின் கதை சொல்கிறேன். களைத்தவர்கள் கேட்டால் நன்றாகவே புரியும்.

அவள் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரிலிருந்து, கண்ணுக்கே தெரியாத செம்புத் துகள்களைப் பிரித்தெடுக்கும் வேலை. அந்தத் துகளில் தோய்த்த துணியில் கிருமி தங்காது, காயத்துக்குக் கட்டலாம். துகள் பிரிய முன்பெல்லாம் ஒரு நச்சு மருந்தை ஊற்றுவார்கள். அதன் நெடியில்தான் அவளுக்கு இருமல் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பதிலாகக் கொய்யா இலை கொதித்த சாறே போதும் என்று சொன்னவள் அவள்தான். செய்தும் காட்டினாள். நீலம் மெல்ல மாறிச் செங்கல் நிறத்துக்கு வந்தது.

அது ஒரே ஒரு தடவை. அதற்கு முன்னும் பின்னும், எத்தனை முறை ஊற்றினாலும் அடியில் வெளுத்த கசடுதான்.

“நானும் பொறுத்துப் பாத்துட்டேம்மா,” என்றார் மேற்பார்வையாளர். “நாளைக்கும் வரலைன்னா பழைய மருந்து பாட்டிலையே எடுத்துக்கலாம்.”

“சரிங்க சார்.” மறுத்துப் பேச அவளுக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தான் கணவன். மறுநாளைக்கான இலையைப் பறித்து வைப்பது அவன் பொறுப்பு. அவளுக்கு ஒரு வேலையாவது குறையட்டும் என்று அவனாக எடுத்துக்கொண்டது.

“முகம் ஏன் இப்படித் தொங்குது? உங்க சார் வறுத்தெடுத்துட்டாரா?”

“வறுக்கல. பொறுமையா அவிச்சிட்டார்.”

சிரித்தபடி அடுப்படிக்குப் போனான். குழாய்த் தண்ணீர் விழுந்தது. டப்பாவிலிருந்து எதையோ அள்ளும் சத்தம். தலையைத் திருப்பினாள். இலைக் கிண்ணத்தில் கல்லுப்பு விழுந்துகொண்டிருந்தது.

“என்னங்க பண்றீங்க?”

“கீரைக்குப் போடற மாதிரிதான். உப்புத் தண்ணில ஊறினா பூச்சியெல்லாம் போயிடும். தினமும் இப்படித்தானே அலசிக் குடுக்கறேன்.”

“தினமுமா?”

“எனக்குக் காய்ச்சல் வந்தன்னைக்கு மட்டும் நீயே பறிச்சிட்டுப் போன.”

செங்கல் நிறம் வந்தது அன்றைக்குத்தான். உப்பு சேர்ந்தால் செம்பு கசடாகிக் கெடும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அந்த உப்பு தன் வீட்டுக் கிண்ணத்திலேயே கிடக்கும் என்றுதான் தெரியாது. கத்துவதற்கு வாயைத் திறந்தாள். இருமல் வந்தது; அதன் பின்னாலேயே சிரிப்பும் வந்தது.

“இத்தனை நாளா என் செம்பை ஊறுகா போட்டிருக்கீங்க.”

“நான் நல்லதுன்னு நினைச்சு...”

“தெரியுங்க. இனிமே வெறும் தண்ணி போதும்.”

மறுநாள் புது இலையை அவளே பறித்து, வெறும் தண்ணீரில் அலசிக் கொதிக்க வைத்தாள். வடித்த சாற்றை நீலத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, சூடேற அடுப்பில் வைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

“எழுந்திரும்மா,” என்றார் மேற்பார்வையாளர். “செவந்திருச்சு.”

குடுவையில் செங்கல் நிறம். அவர் நச்சு பாட்டிலை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். “நாளைக்கும் இதே மாதிரி வரணும்.”

“வரும் சார். இப்ப இன்னும் கொஞ்சம் தூங்கிக்கிறேன்.”

உங்கள் வீட்டிலும், பிரியத்தால் ஒருவர் செய்த பிழை சிரிப்போடு முடியட்டும் கண்ணுகளா. இருமல் இல்லாத உறக்கம் எல்லாருக்கும் வாய்க்கட்டும்.