பூந்தொட்டி உடைந்த சேதி

அந்தத் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவரை எல்லோரும் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிட்டார்கள். கத்தரிக்கோல் கைக்கு வந்தால் அவர் வாய் திறக்கும். கத்தரிக்கோலைக் கீழே வைத்தால்தான் மூடும். தலையைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எங்கே ஓட முடியும்? ஊர்க்கதை உலகக்கதை எல்லாவற்றையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே பெண் வீட்டு வாசலைத் தாண்டினால் வாயைத் திறக்கமாட்டாள். வீட்டுக்குள் ஓயாத வாய். வெளியே வந்தால் பூட்டுப் போட்டதுபோல ஆகிவிடும். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து பாதி வருஷம் ஓடிவிட்டது. பேரைக் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள், அவ்வளவுதான். தாகம் எடுத்தால் பாட்டிலைக் காட்டுவாள். டாக்டர் பார்த்துவிட்டு, “காதும் நல்லா இருக்கு, தொண்டையும் நல்லா இருக்கு. பயம்தான். வற்புறுத்தாதீங்க, தானா வரும்” என்று சொல்லி அனுப்பினார்.

“வீட்டுல இருக்கற பேச்சையெல்லாம் நீங்களே பேசித் தீர்த்துட்டா பாப்பாவுக்கு என்னய்யா மிச்சம் இருக்கும்?” என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். ரேடியோவும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு உதட்டோடு சரி என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும்.

மனைவிக்கு ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடைக்க வேண்டும். அந்த வருஷம் அவளுக்கு மதிய ஷிப்ட். பள்ளி விடுவதற்குள் அவள் உள்ளே போய்விடுவாள். அவள் திரும்பி வருவதற்குள் குழந்தை தூங்கிவிடுவாள். காலையில் தலை பின்னிவிடும் நேரம்தான் தாயும் மகளும் பேசிக்கொள்ளும் நேரம். அதிலும் பாதி, “ஆடாம நில்லுடி” என்பதிலேயே போய்விடும்.

ஒரு நாள் மதியம், பேக்கரி வேன் ஓட்டுகிறவர் ஒருவருக்கு ரேடியோ சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்கு வரும்போது போன் அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர்.

“சார், உங்க பொண்ணு ஜன்னலோரம் இருந்த பூந்தொட்டியை உடைச்சிட்டா.”

“மன்னிச்சிடுங்க டீச்சர், வேற வாங்கிக் குடுத்துடறேன். கையில காலில எதுவும் கிழிக்கலையே?”

“அதுக்குக் கூப்பிடலை சார். நான் பக்கத்துல உட்கார்ந்திருந்த பொண்ணுதான் உடைச்சதுன்னு நெனச்சு அவளைத் திட்டிட்டேன். அவ அழ ஆரம்பிச்சுட்டா. உங்க பொண்ணு எழுந்து நின்னா. நின்னுக்கிட்டே இருந்தா. அப்புறம், ‘அவ இல்ல டீச்சர். நான்தான்’னு சொன்னா. வாய் திறந்து சொன்னா சார். கிளாஸ் முழுக்க அப்படியே உறைஞ்சு போச்சு.”

ரேடியோ சவரக்கத்தியை மேஜைமேல் வைத்தார். நாற்காலியில் இருந்த வேன்காரர் பயந்துபோய், “என்னய்யா ஆச்சு? யாருக்கு என்ன?” என்று கேட்டார்.

“என் பொண்ணு பூந்தொட்டியை உடைச்சிட்டாண்ணே!” என்று சொல்லிவிட்டு ரேடியோ அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“அதுக்கா இந்தக் கூத்து?”

விஷயத்தைச் சொன்னதும் வேன்காரர் ஒரு கன்னத்து நுரையோடு எழுந்துவிட்டார். “ஏறுய்யா வேன்ல. சவரம் எங்கயும் ஓடிடாது.”

பள்ளி வாசலில் குழந்தை பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ரேடியோ அவளை வாரி எடுத்தார். அவள் அவர் காதோடு வாயை வைத்து மெதுவாகச் சொன்னாள்: “அம்மாகிட்ட நான் சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது.”

“நீயே சொல்லுடா கண்ணு. காலையில அம்மா எழுந்ததும்…”

“இப்போ.”

ரேடியோ யோசித்தார். வீட்டுக்கு வெளியே யாரிடமாவது ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று இந்தக் குழந்தை தானாகக் கேட்பது இதுதான் முதல்முறை. ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் இந்தத் துணிச்சல் இருக்குமா, இருக்காதா, யார் கண்டது? காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும். “அண்ணே, வண்டியை ஃபேக்டரிக்கு விடுங்க” என்றார்.

தொழிற்சாலை வாசலில் காவலாளி முதலில் வேன்காரரின் பாதி முகத்தைப் பார்த்தார், பிறகு ரேடியோவைப் பார்த்தார்.

“உள்ள இருக்கறவங்களை நடுவுல கூப்பிட முடியாது சார். போனெல்லாம் லாக்கர்ல இருக்கும். அவசரம்னா மட்டும்தான் சேதி சொல்லுவோம்.”

“அவசரம்தாங்க.”

“யாருக்காவது சீரியஸா? ஆக்சிடெண்ட்டா? தவறிட்டாங்களா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லை. நல்ல சேதி.”

காவலாளி தலையைச் சொறிந்தார். “நல்ல சேதிக்குக் கூப்பிடலாம்னு யாரும் எனக்குச் சொல்லலையே.” பிறகு இரக்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு பண்ணுங்க. வீட்டுல யாருக்கோ உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க. ஓடி வந்துடுவாங்க. வந்தப்புறம் விஷயத்தைச் சொல்லிக்கலாம்.”

“சொல்லிடுய்யா, என்ன கெட்டுப் போச்சு?” என்றார் வேன்காரர்.

ரேடியோ குழந்தையைப் பார்த்தார். அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே ஒரு பொய்யைச் சொல்வதா? இன்னொன்றும் இருந்தது. போன வருஷம் மனைவியின் அம்மா இறந்தபோது இதே வாசலிலிருந்துதான் சேதி போயிற்று. தலையில் வலைத்தொப்பியோடு, காலில் உறையோடு அவள் ஓடிவந்ததை அவர் பார்த்திருக்கிறார். அந்த ஓட்டத்தை மறுபடி அவளை ஓட வைக்க அவருக்கு மனசில்லை.

“பொய் சொல்லமாட்டேன். போகவும் மாட்டேன். பெரியவங்க யாராச்சும் இருந்தா கூப்பிடுங்க, நான் பேசிக்கறேன்” என்று சொல்லி வாசல் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயத்தை ரேடியோவிடம் கேட்டுக்கொண்டு காவலாளி இரண்டு மூன்று முறை உள்ளே போய் வந்தார். வெயில் முகத்தில் அடித்தது. வேன்காரர் நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ரொட்டி ஒன்றைக் கொண்டுவந்து குழந்தையிடம் கொடுத்தார். கடைசியில் சூப்பர்வைசர் அம்மா வெளியே வந்தார். கண்டிப்பானவர் என்று மனைவி சொல்லி ரேடியோ கேள்விப்பட்டிருந்தார்.

“ஒருத்தங்க வெளிய வந்தா, திரும்பக் கை கழுவி, உடுப்பு மாத்தி உள்ள போகணும். அதுவரைக்கும் அவங்க இடத்துல ஆள் இல்லாம லைன் நிக்கும். சும்மா போட்ட ரூல் இல்லைங்க இது.”

“புரியுது மேடம். நான் குத்தம் சொல்லலை. ஆனா கெட்ட சேதின்னா லைன் நின்னாலும் பரவாயில்லைன்னு அனுப்பறீங்க. நல்ல சேதி மட்டும் செருப்பைக் கழட்டிட்டு வாசல்ல காத்துக் கிடக்கணுமா? அவ வெளிய வரவேண்டாம். நாங்க உள்ள வரவேண்டாம். நடுவுல ஏதாவது வழி இருக்கும். அது உங்களுக்குத்தான் தெரியும்.”

சூப்பர்வைசர் குனிந்து குழந்தையிடம் கேட்டார்: “என்னம்மா சேதி?”

குழந்தை ரொட்டியைப் பிடித்தபடி அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“பேசிட்டான்னு சொல்லி அனுப்பினீங்களே?”

“பேசினா மேடம். அவங்க அம்மாகிட்டதான் சொல்லுவாளாம்.”

சூப்பர்வைசர் வாசல் கதவைத் தள்ளித் திறந்தார். “வாங்க” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

ஒரு நீண்ட நடைபாதை. அதன் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியாட்கள் வந்தால் இங்கே நின்றுதான் வேலையைப் பார்ப்பார்களாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை அங்கி, தொப்பி, முகக்கவசம் போட்ட பெண்கள் வரிசையாக நின்று, ஓடும் பட்டையில் வரும் அட்டைகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கண் மட்டும்தான் தெரிந்தது. ஆனாலும் குழந்தை ஒரே பார்வையில் கண்டுபிடித்து விரலை நீட்டினாள்.

சுவரோரம் ஒரு மைக் இருந்தது. சூப்பர்வைசர் அதன் பித்தானை அழுத்தி, மனைவியின் பேரைச் சொல்லி, “கொஞ்சம் கண்ணாடிப் பக்கம் பாருங்க. பயப்படாதீங்க, நல்ல சேதிதான்” என்றார். பிறகு மைக்கைக் குழந்தையின் உயரத்துக்கு வளைத்தார். “இதுல பேசினா உள்ள எல்லாருக்கும் கேக்கும்.”

எல்லாருக்கும் என்றதும் குழந்தையின் முகம் சுருங்கியது. வரிசையிலிருந்த அத்தனை கண்களும் இந்தப் பக்கம் திரும்பின. மனைவியின் கண்கள் குழந்தையைப் பார்த்தன, கணவரைப் பார்த்தன, மறுபடி குழந்தையிடம் போயின. கை மட்டும் பழக்கத்தில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தது.

ஒரு சத்தமும் இல்லை.

“பரவாயில்லை, நீங்களே சொல்லிடுங்க” என்றார் சூப்பர்வைசர்.

ரேடியோவுக்குச் சேதி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாலே வார்த்தை. வாழ்நாள் முழுக்கப் பேசிப் பழகிய வாய். வேறு யாராக இருந்தாலும் கொட்டித் தீர்த்திருப்பார். ‘நீங்க சொல்லக் கூடாது’ என்று காதில் கேட்ட குரல் அவரைத் தடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. இவ்வளவு நாளும் இந்தச் சின்ன உடம்பு இந்த வேலையையா செய்துகொண்டிருந்தது?

குழந்தை ரொட்டியை அப்பா கையில் கொடுத்தாள். இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்தாள்.

“அம்மா.”

உள்ளே ஒலிபெருக்கியில் அது பெரிதாகக் கேட்டிருக்க வேண்டும். நாலைந்து பேர் மேலே நிமிர்ந்து பார்த்தார்கள்.

“பூந்தொட்டியை உடைச்சது நான்தான். அவ இல்ல. டீச்சர்கிட்ட வாயால சொல்லிட்டேன்.”

மனைவியின் கை நின்றது. அட்டைகள் வந்து குவிந்தன. பக்கத்தில் நின்ற பெண் சட்டென்று கை நீட்டி அவற்றையும் சேர்த்து வாரிக்கொண்டாள். மனைவி கண்ணாடி அருகே வந்தாள். ஏதோ சொன்னாள்; இங்கே கேட்கவில்லை. தான் சிரிப்பது மகளுக்குத் தெரியவில்லையே என்று தோன்றியிருக்க வேண்டும், முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டாள்.

“மாஸ்க்! மாஸ்க்!” என்று சூப்பர்வைசர் மைக்கில் கத்தினார்.

அவள் பதறி மறுபடி மாட்டிக்கொண்டாள். அதற்குள் பார்க்க வேண்டியதைக் குழந்தை பார்த்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக ஓடிய அம்மாவின் முகம். வரிசையிலிருந்த பெண்கள் உறைபோட்ட கைகளைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார்கள். சூப்பர்வைசர், “மாஸ்க்கை இறக்கினதால கிட்ட இருந்த பெட்டியெல்லாம் இனி குப்பைக்குத்தான் போகணும்” என்று முணுமுணுத்துக்கொண்டே தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடைக்குத் திரும்பியதும் ரேடியோ வேன்காரரின் மறு கன்னத்தை முடித்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. “உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார் வேன்காரர்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கட்டுக்கதை. மறுநாள் குழந்தை வகுப்பில் வாய் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ரேடியோ சோர்ந்துபோனார். மனைவி சோரவில்லை.

“ஒரு தடவை திறந்த கதவு. அடைச்சுக்கிச்சுன்னா தட்டிக்கிட்டே இருக்கணும்” என்றாள். “பேசினியான்னு யாரும் அவளைக் கேக்கக் கூடாது. ஆனா நல்லது நடந்தா, பொட்டு அளவா இருந்தாலும், அன்னைக்கே எனக்கு வந்து சேரணும். டீ நேரத்துல நாங்க வேலியோரம் வந்து நிப்போம். அதுக்கு யார் பெர்மிஷனும் வேண்டாம்.”

அப்படித்தான் வழக்கமாயிற்று. சாயங்காலம் கடையை இழுத்துச் சாத்திவிட்டு ரேடியோ மகளைக் கூட்டிப் போவார். வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா டீ தம்ளரோடு நிற்பாள். முதலில் குழந்தை அம்மா காதில் மட்டும் சொன்னாள்: இன்னைக்கு என் பென்சிலை அவளுக்குக் குடுத்தேன். அப்புறம் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி: இன்னைக்குப் பேர் கூப்பிட்டப்போ ‘வந்திருக்கேன்’னு சொன்னேன். அம்மாவோடு வேலை செய்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒருத்தி மகனுக்குப் பல் முளைத்ததைச் சொன்னாள். இன்னொருத்தி, தன் மாமியார் முதல்முறையாகத் தன் குழம்பைப் பாராட்டியதைச் சொல்லி, “எழுதி வெச்சுக்கோங்க, இனி நடக்காது” என்றாள். சூப்பர்வைசர் அம்மாகூட ஒரு நாள் தூரத்தில் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

மழைக்காலம் முடியும் சமயம். ஒரு சாயங்காலம் குழந்தை அப்பா கையை உதறிவிட்டு வேலியை நோக்கி ஓடினாள். மூஞ்சி உம்மென்று இருந்தது. அம்மா பதறிப்போய் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“என்னடி, என்ன ஆச்சு?”

“டீச்சர் என்னை வேற பெஞ்சுக்கு மாத்திட்டாங்க.”

“ஏன்?”

குழந்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சாலைக்கு எதிர்ப்பக்கம் வரை கேட்கும் குரலில் சொன்னாள்: “ரொம்பப் பேசறேனாம்!”

வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எழுந்த சிரிப்பில் காவலாளி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“நீங்க சும்மா இருங்கப்பா, நான் இன்னும் முடிக்கலை” என்றாள் மகள்.