மாக்கிறேற் வீட்டுக்கு வந்த சாம்பல் சோடி

வைகாசி மாதத்தில் ஒருநாள் யாழ்ப்பாணத்துப் பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்கு வந்து இறங்கிய வெள்ளைக்காரப் புருசனுக்கும் பெண்சாதிக்கும் நிறம் இருக்கவில்லை. அவருடைய கோட்டும் தொப்பியும் கறுப்பு, அவளுடைய நீளச்சட்டை வெள்ளை, முகமும் கையும் தலைமயிரும் சாம்பலில் எத்தனை வகை உண்டோ அத்தனை வகை. மீன்சந்தையில் நின்ற சனம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, பாரை என்ன விலை என்று கேட்பதில் மும்முரமாகிவிட்டது. இருவரும் யாரிடமும் வழி கேட்கவில்லை. கோயில் ஒழுங்கையால் நேரே நடந்து மாக்கிறேற்றின் படலையைத் திறந்தார்கள்.

மாக்கிறேற் முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டு நின்றாள். அறுபது தாண்டியவள், ஆனால் இருந்த இடத்தில் இருக்கத் தெரியாதவள். சாப்பாட்டைக்கூட நின்றபடிதான் சாப்பிடுவாள். வந்தவர்களைக் கண்டதும் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கலியாணம் முடித்த புதிதில், புதன்கிழமை பின்னேரங்களில், அவளும் புருசன் அன்ரனிதாசும் தொலைக்காட்சியில் பார்த்த ஆங்கிலத் தொடரின் சோடி அது. கொலை நடந்த வீடுகளுக்குப் போய்க் கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற புருசனும் பெண்சாதியும். கறுப்பு வெள்ளைப் பெட்டி. கார் பற்றறியில் ஓடும். வள்ளத்தில் கொண்டுவரும்போது தவறி விழுந்ததால் அதிலிருந்து சத்தம் வந்ததேயில்லை. அதனால் அன்ரனிதாசே கதைத்தான். ஆண் வாயசைக்கும்போது தன் கரகரத்த தொண்டையிலும், பெண் வாயசைக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டும், தன்பாட்டுக்குக் கதை கட்டினான். அந்த ஆணுக்குத் துரை என்றும் பெண்ணுக்கு நோனா என்றும் பேர் வைத்ததும் அன்ரனிதாஸ்தான். துரையும் நோனாவும் தேத்தண்ணிக்குச் சண்டை பிடித்தார்கள், வலைக்கு ஈயம் கட்டுவது பற்றிக் கதைத்தார்கள், கடைசியில் ஒருவனைக் கைகாட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள். அயற்சனமெல்லாம் வந்து சிரித்துவிட்டுப் போகும். மகள் அன்ரனிட்டா பிறந்து இரண்டு வருசத்தில் யுத்தம் தீவுக்கு வந்தது. ஒரு காலைநேரம் வள்ளத்தில் போன அன்ரனிதாஸ் திரும்பவில்லை. கடலில் வெடிச்சத்தம் கேட்டதாகச் சிலர் சொன்னார்கள், கேட்கவில்லை என்று வேறு சிலர் சொன்னார்கள். பிறகு இடம்பெயர்வு, பிறகு முகாம், பிறகு திரும்பி வருதல். பெட்டி எந்த வீட்டுக் குசினியில் கறள் பிடித்ததோ தெரியாது.

முற்றத்தில் நின்றபடி துரை தொப்பியைக் கழற்றினார்.

"இஞ்சாரும், ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?" என்றார்.

அது அன்ரனிதாசின் குரல். மாக்கிறேற்றின் கையிலிருந்த கருவாட்டுத் தட்டு சரிந்தது. நோனா குனிந்து பொறுக்கிக் கொடுத்தபடி, அதே குரலில், மூக்கைப் பொத்திக்கொண்ட மாதிரி, "சீனி குறைச்சுப் போடும்" என்றாள்.

மாக்கிறேற் குசினிக்குள் போய், தண்ணி கொதித்துப் பொங்கி அடுப்பை அணைக்கும்வரை அங்கேயே நின்றாள்.

அவர்கள் தங்கிவிட்டார்கள். கிராம சேவையாளர் வந்து அடையாள அட்டை கேட்டார். துரை காட்டிய அட்டையும் சாம்பலாய் இருந்ததால் ஒன்றும் வாசிக்க முடியாமல் திரும்பினார். பங்குச்சாமியார் இருவரும் முறைப்படி முடித்தவர்களா என்று மட்டும் விசாரித்தார். நோனாவின் விரலில் மோதிரம் இருந்தது, அவருக்கு அது போதுமாயிருந்தது. மீன்குழம்பு அவர்களுடைய சோற்றுக் கோப்பையில் விழுந்ததும் சிவப்பை விட்டுச் சாம்பலானது. சோளகக் காற்று பலமாக அடித்தால் இருவரின் உடம்பிலும் குறுக்குக் கோடுகள் ஓடின. மாக்கிறேற் போய்த் துரையின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினால் நின்றுவிடும். ஊர் இதற்கெல்லாம் ஒரு கிழமையில் பழகிவிட்டது. பழகாதவள் மாக்கிறேற் ஒருத்திதான். அவர்கள் கதைக்கிறபோது வேலைகளை விட்டுவிட்டுக் கிட்டப் போவாள். கிட்டப் போனதும் தாங்க ஏலாமல் கிணற்றடிக்கு ஓடுவாள்.

அவர்கள் எதற்கு வந்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இரண்டாம் நாளே நோனா கேட்டாள், "அவர் அண்டைக்கு எந்தப் பக்கம் வள்ளத்தைக் கொண்டு போனவர்?"

எழுவைதீவுப் பக்கம் என்று மாக்கிறேற்றுக்கு நன்றாகத் தெரியும். இறங்குதுறையில் நின்று கையசைத்தவள் அவள். ஆனால் தொடரில் ஒவ்வொருமுறையும் விடை கிடைத்ததும் இவர்கள் காரில் ஏறிப் போனதும் அவளுக்குத் தெரியும். "மண்டைதீவுப் பக்கம்" என்றாள்.

துரையும் நோனாவும் வைகாசி முடியும்வரை மண்டைதீவுக் கரையில் நடந்தார்கள். மீனவர்களை மறித்துக் கேட்டார்கள், கண்டல் பற்றைகளைக் கிளறினார்கள், பின்னேரத்தில் சேறு பூசிய சப்பாத்துகளுடன் வந்து, ஒன்றும் அகப்படவில்லையப்பா என்று அவள் புருசனின் குரலில் அலுத்துக்கொண்டார்கள். ஆனியில் அவர்களின் ஓரங்கள் மங்கத் தொடங்கின. அவர்களுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடும்போதும் துரையின் கால் ஆடிக்கொண்டேயிருந்தது. அவளோ அவர்களுக்குச் சோறு போட்டுவிட்டுக் கதவடியில் நின்று, இன்னும் கொஞ்சம் கதைக்கட்டும், இன்னும் கொஞ்சம் கதைக்கட்டும் என்று காத்துக்கிடந்தாள். பொய்க்குக் கிடைக்கிற கூலி அந்தக் குரல் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

ஒருநாள் பிரான்சிலிருந்து அன்ரனிட்டா தொலைபேசி எடுத்தாள். பின்னால் துரை ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஆரம்மா வீட்டிலை? ஆரோ ஆம்பிளை கதைக்கிற சத்தம் கேக்குது."

மாக்கிறேற் தொலைபேசியைத் துரை பக்கம் நீட்டினாள். "வடிவாய்க் கேள் பிள்ளை. ஆரெண்டு சொல்லு பாப்பம்."

அன்ரனிட்டா கேட்டாள். "தெரியேல்லையம்மா. சொந்தக்காரரோ?" என்றாள். பிறகு சொன்னாள், "அம்மா, மகன் என்னட்டைக் கேட்டவன், தாத்தா எப்ப செத்தவரெண்டு. எனக்குச் சொல்லத் தெரியேல்லை. செத்தவரெண்டு சொல்லலாமோ எண்டுகூடத் தெரியேல்லை. நீங்கள் ஒரு பூசை வைக்கவும் விடேல்லை."

அழைப்பு முடிந்தபிறகு மாக்கிறேற் வெகுநேரம் முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தாள். மகளுக்கு அந்தக் குரல் யாரோ ஒரு ஆம்பிளையின் சத்தம். முப்பத்துநாலு வருசமாகத் தான் மட்டும் காவல் காத்த ஒன்றில் மகளுக்குப் பங்கு கொடுக்காமல் விட்டதுபோல் அவளுக்குப் பட்டது. கால் ஓய்ந்ததும் உள்ளே போய் மேசையடியில் நின்றாள்.

"மண்டைதீவில்லை. எழுவைதீவுப் பக்கம் போனவர்" என்றாள்.

நோனா கோபிக்கவில்லை. "ஓம், நீர் சொல்லுமட்டும்தான் நாங்கள் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்" என்றாள்.

அடுத்தநாள் காலைப் படகில் மூவரும் போனார்கள். எழுவைதீவு சின்ன இடம், கொஞ்ச வீடுகள், மிச்சம் பனை. துரை கரையைப் பார்த்தபடி நடக்க, நோனா வேலிகளைப் பார்த்தபடி நடந்தாள். ஒரு ஆட்டுக்கொட்டிலின் முன்னால் அவள் நின்றுவிட்டாள். கொட்டில் கதவு பழைய வள்ளப் பலகை. நீலப் பெயின்ற் உரிந்த இடத்தில் வெள்ளை எழுத்தில் 'மாக்கி' என்று இருந்தது; மிச்ச எழுத்துகள் முறிந்த பக்கத்தோடு போய்விட்டன. மாக்கிறேற் போய் அந்த எழுத்துகளின் மேல் கையை வைத்தாள். தன் வள்ளத்துக்கு அவளுடைய பேரை அன்ரனிதாஸ்தான் எழுதினவன், 'க்'கின் புள்ளியைப் பெரிதாக வைத்ததற்கு அவள் பகிடி பண்ணினவள்.

வீட்டுக்காரர் அப்புத்துரை வயதானவர், தடியூன்றி வந்தார். அவள் கேட்க முன்னமே அவருக்கு விளங்கிவிட்டது.

"அப்ப இஞ்சையிருந்து ஒருதரும் வெளிக்கிட ஏலாது, தங்கச்சி. பலகை ஒதுங்கின அண்டைக்குத்தான் ஆளும் ஒதுங்கினது. நானும் தம்பியும் எடுத்து அடக்கினனாங்கள். இடதுகால் சின்னவிரல் இல்லை, அதுமட்டும் நினைவிருக்கு. அடுத்த மாசம் ரெண்டுபேரும் இந்தியாவுக்குப் போயிட்டம், போன வருசம்தான் நான் திரும்பி வந்தனான். ஆரிட்டைச் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

அன்ரனிதாசின் அந்த விரல் பொடியனாயிருந்தபோதே நங்கூரக் கயிற்றில் மாட்டிப் போனது. "எப்ப?" என்றாள் மாக்கிறேற்.

"ஆவணி. மாதா பெருநாளுக்கு அடுத்தநாள். இஞ்சை மணி அடிக்கவும் பயந்து கிடந்த பெருநாள்."

அவர் பனைகளுக்குள்ளே கூட்டிக்கொண்டு போனார். கடற்கல் ஒன்று தலைமாட்டில் நட்டிருந்தது. சுற்றிவர ஆடு மேயாமல் முள்ளும் கட்டியிருந்தது. மாக்கிறேற் மணலில் இருந்தாள். யாரும் அவளை எழும்பச் சொல்லவில்லை. வெயில் ஏறியது. படகுக்காரன் இரண்டுதரம் கூவிப் பார்த்துவிட்டு, பிறகு தானும் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

திரும்பி வரும்போது அவள் துரையையும் நோனாவையும் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குதுறையில் கார் ஒன்று நிற்கும் என்று நினைத்திருந்தாள். நிற்கவில்லை. வீடுவரைக்கும் கூடவே நடந்தார்கள். படலையடியில் அவள் ஒருமாதிரித் துணிந்து கேட்டாள்.

"இனி வெளிக்கிடுவியளோ?"

"எங்கையப்பா வெளிக்கிடுறது?" என்றார் துரை. "உள்ளுக்குப் பாருமன்."

முற்றத்தில் சனம் நின்றது. எழுவைதீவிலிருந்து செய்தி அவர்களுக்கு முன்னமே வந்துவிட்டது. முன்னால் நின்ற பிரியவதனி, காணாமல்போன தமையனின் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். வேலணையிலிருந்து வந்த நடராசா இரண்டு மகன்மாரின் படங்களை நெஞ்சோடு பிடித்திருந்தார். மிச்சப்பேர் கையில் படங்களோடு ஒழுங்கைவரை நின்றார்கள். நோனா கைப்பையை வைத்துவிட்டு, யார் முதலில் என்று கேட்டாள்.

மாக்கிறேற் உள்ளே இருந்த நான்கு கதிரைகளையும் கொண்டுவந்து போட்டாள். இத்தனை பேருக்கு அது காணாது என்று கண்டு, பக்கத்து வீட்டு வேலியடிக்குப் போய், இரவல் கதிரை தரச்சொல்லிக் கூப்பிட்டாள்.