இவர் வாயைத் திறக்காத ஆட்டம்

எங்காத்து மனுஷருக்கு வாய் மட்டும் தனி ஜென்மம். ஆபீஸ்ல நாள் முழுக்க குனிஞ்ச தலை நிமிர மாட்டாராம், அங்கே இருக்கிற பெங்காலிக் குமாஸ்தாக்கள் எல்லாம் மஹாதேவ பாபு ரொம்ப சாதுன்னு சொல்லுவாளாம். அந்தச் சாதுவைச் சாயங்காலம் மைதானத்துல கயித்தோரமா நிக்கறச்சே வந்து பார்க்கணும். எங்க பிள்ளை சந்தானம் எந்த டீமுக்கு ஃபுட்பால் ஆடறானோ அந்த டீமைத்தான் இவர் கிழிப்பார். கேப்டன் காலு ரசகுல்லாவுல ஊறின காலு. நடுவுல ஆடறவன் நின்னுண்டே தூங்கறான். செக்ரெட்டரிக்குப் பந்து உருண்டையா சதுரமான்னே தெரியாது. இதையே டிராம்ல இங்கிலீஷ்ல சொல்லுவார், நாவிதன்கிட்ட அரைகுறை பெங்காலியில சொல்லுவார், பவானிபூர்ல யாராத்துலயாவது பஜனைன்னு போனா பிரசாதத்தைக் கையில வெச்சுண்டே தமிழ்ல சொல்லுவார்.

எனக்குப் பயமா இருக்கும். ஏன்னா சந்தானத்துக்கு அந்தச் சணல் கம்பெனியில உத்தியோகம் கிடைச்சதே பந்து பிடிக்கிற கைக்காகத்தான். பி.ஏ. படிச்சவனெல்லாம் வாசல்ல காத்துண்டிருக்கறச்சே, மெட்ரிக் தேறாத எங்க பிள்ளையைக் கூப்பிட்டு நாற்காலி போட்டுக் கொடுத்தா. கம்பெனி டீமுக்கு அவன் கோல் காக்கிற வரைக்கும் நாற்காலி இருக்கும். டீம்லேர்ந்து எடுத்தா அதையும் எடுத்துடுவா. சோறு போடற டீமையே ஊரெல்லாம் ஏசிண்டு திரியறேளே, செக்ரெட்டரி காதுல விழுந்தா என்ன ஆறதுன்னு கேட்டா, மைதானத்துல நான் தமிழ்லதானேடி கத்தறேன், கல்கத்தாவுல தமிழ்ல கத்தினா ஈஸ்வரனுக்கும் சந்தானத்துக்கும் மட்டும்தான் புரியும், நீ ஏன் பயந்து சாகறேம்பார். இப்படி ஒரு மனுஷனைக் கட்டிண்டு நான் குப்பை கொட்டினேன்.

ஜெர்மன் சண்டை முடிஞ்ச அடுத்த மழைக்காலம் அது. கோப்பை ஆட்டத்துல கோட்டையில இருக்கிற வெள்ளைக்காரப் பட்டாளத்தோட எங்க டீம் மோதித்து. அவா பூட்ஸ் காலு, நம்மவா வெறுங்காலு. ஆட்டம் முடிஞ்சு சந்தானம் நேரே சமையலுள்ளுக்கு வந்தான். மூஞ்சி செத்துக் கிடந்தது. ஆளுக்கு ரெண்டு கோல், ஜெயிச்சதுமில்லை தோத்ததுமில்லை, வர சனிக்கிழமை மறுபடி ஆடணும்னான். அப்புறம் குரலைத் தணிச்சுண்டு சொன்னான்: ரெண்டு கோலும் அப்பாவாலதாம்மா.

விஷயம் இதுதான். வலது பக்கம் ஆடற பையனுக்கு முழங்கால் வீங்கியிருக்குன்னு சந்தானம் ஆத்துல வாய் தவறிச் சொல்லியிருந்தான். இவர் கயித்தோரம் நின்னுண்டு, வலது பக்கத்தான் நொண்டிடா, அவனை நம்பாதே, நீயே பார்த்துக்கோன்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கார். அடுத்த நிமிஷமே வெள்ளைக்காரா பந்தை அந்தப் பக்கமே கொண்டுவந்து கோல் போட்டுட்டா. அப்புறம், சூரியன் கண்ணுல அடிக்கிறது, பந்து உசரமா வந்தா ஜாக்கிரதைன்னு கத்தினார். பந்து உசரமாவே வந்தது. ஆட்டம் முடிஞ்சு போறச்சே அவாள்ல ஒரு செம்பட்டைத் தலையன் சந்தானத்து முதுகுல தட்டி, தமிழ்ல சொல்லியிருக்கான்:

"உங்க நாயனா தங்கமான மனுசன் தம்பி. அடுத்த ஆட்டத்துக்கும் மறக்காம கூட்டியா."

அவன் பிறந்ததே பரங்கிமலையிலயாம், தமிழ் ஆயா இடுப்புல வளர்ந்தவனாம். பட்டாளம் மாத்தலாகி வந்த இடத்துல எங்க ஈஸ்வரனோட இவனும் சேர்ந்துண்டு தமிழ் கேட்டுண்டிருந்திருக்கான். செக்ரெட்டரிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சனிக்கிழமை தோத்தா இனிமே வேற கோல்கீப்பர்தான்னு கண்டிஷனா சொல்லிட்டார்.

அப்பாகிட்ட சொல்லிடேண்டா, வாயை மூடிண்டு இருப்பார்னேன். சந்தானம் தலையை ஆட்டினான். சொன்னா அப்பா உடைஞ்சு போயிடுவார்மா, தன்னாலதான் கோல் விழுந்ததுன்னு தெரிஞ்சா அப்புறம் மைதானத்துப் பக்கமே வர மாட்டார், அவர் நிக்காத மைதானத்துல எனக்கு ஆடவே தெரியாதுன்னான். எனக்குக் கண்ணுல ஜலம் வந்துடுத்து. அப்பன் வாயைப் பொறுத்துக்கிற பிள்ளையை நான் பார்த்திருக்கேன், அது வேணும்னு நிக்கிற பிள்ளையை அன்னிக்குத்தான் பார்த்தேன். அவன் வேற யோசனை வெச்சிருந்தான். இடது தோள்ல அடின்னு பொய் சொல்லப் போறான். அப்பா பொறுக்க மாட்டார், இடது பக்கம் விழாதேடான்னு மைதானத்துல கத்திடுவார். செம்பட்டைத் தலையன் இடது பக்கமே அடிப்பான். இவன் காத்துண்டிருந்து பிடிச்சுடுவான்.

பெத்த அப்பாவை ஏமாத்தறதான்னு ரெண்டு வார்த்தை திட்டினேன். திட்டிட்டு, புளியும் உப்பும் கரைச்சுக் கொதிக்க வெச்சு, நல்லா இருக்கிற தோள்ல பத்துப் போட்டுத் துணியைச் சுத்தினேன். இடது கையைத் தூக்கவே முடியலைப்பான்னான். இவர் பக்கத்துல வந்து துணி மேல கையை வெச்சுப் பார்த்தார். ஆடாம இருந்துடேண்டான்னு மட்டும் கேட்டார். ஆடாட்டா இடம் போயிடுமேன்னான் அவன்.

அந்த வாரம் பூராவும் இவர் ஒரு தினுசா இருந்தார். டிராம்ல யார் ஆட்டத்தைப் பத்திப் பேச்செடுத்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பிண்டுடறார்னு சந்தானம் சொன்னான். சாதத்தைப் பிசைஞ்சுட்டு அப்படியே வெச்சுடுவார். பித்தமா இருக்கும்னு நினைச்சு சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். மறுபேச்சில்லாம குடிச்சார். கஷாயத்தைக் கூடக் குத்தம் சொல்லலையேன்னு அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

சனிக்கிழமை எனக்கு ஆத்துல இருப்புக் கொள்ளலை. மாடியில இருக்கிற வீட்டுக்காரி ஹேமாங்கினி தீதி தன் குதிரை வண்டியில காத்து வாங்கப் போறவ. வாயேன் போய்ப் பார்க்கலாம்னு என்னையும் ஏத்திண்டா. மைதானத்து ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, கதவைச் சாத்திண்டு, பலகைச் சந்து வழியா பார்த்தோம். எங்க சந்தானம் நின்ன கோல் கம்பம் ரோட்டுக்குக் கிட்டக்கவே இருந்தது. பின்னாடி கயித்தோரமா இவர். காலையில மழை பெஞ்ச சேறு. எனக்கு ஆட்டம் புரியாட்டாலும் என்ன நடக்கறதுன்னு தீதி பெங்காலியில சொல்லிண்டே வந்தா. நம்மவா எப்படியோ ஒரு கோல் போட்டுட்டா. மைதானமே எழுந்து குதிச்சது. இவர் மட்டும் அசையலை.

அப்பத்தான் கவனிச்சேன், இவர் அங்கவஸ்திரத்து நுனியை வாய்க்குள்ள அடைச்சுண்டு நிக்கறார். கேப்டன் பந்தை விட்டான், இவர் பேசலை. நடுவுல ஆடறவன் வழுக்கி விழுந்தான், பேசலை. சந்தானம் ரெண்டு தடவை திரும்பி அப்பாவைப் பார்த்தான். வேண்டாத நாள்ல எல்லாம் கத்துவேளே, இன்னிக்குக் கத்தித் தொலைங்கோளேன்னு வண்டிக்குள்ளேயே முணுமுணுத்தேன்.

முடியப்போற சமயம். பெனால்டின்னா தீதி. அப்படின்னா என்னன்னேன். மத்தவா எல்லாம் ஒதுங்கிடுவா, உன் பிள்ளையும் பந்தடிக்கிறவனும் மட்டும்தான், எந்தப் பக்கம் அடிப்பான்னு யாருக்கும் தெரியாது, அதிர்ஷ்டம் இருந்தா பிடிக்கலாம்னா. பந்தை வெச்சுட்டு நிமிர்ந்தவன் செம்பட்டைத் தலையன். அவனும் கயித்தோரம் இவரைப் பார்த்தான், இன்னும் என்ன மௌனம்னு கேக்கிற மாதிரி. இவர் ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திண்டுட்டார். பிள்ளையோட நாற்காலி அந்தப் பந்து மேல இருந்தது.

எனக்கு என்ன வந்ததுன்னு தெரியலை. கதவைத் தள்ளிண்டு வண்டிப்படியில நின்னேன். ஆத்துல கொல்லைப்பக்கம் நின்னு கூடக் குரல் உசத்தாதவ, அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவுல அடிவயித்துலேர்ந்து கத்தினேன்.

"சந்தானம்! இடது தோள்ல அடிடா கண்ணா, அந்தப் பக்கம் விழாதே!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. செம்பட்டைத் தலையனும் பார்த்தான். அப்புறம் ஓடிவந்து சந்தானத்துக்கு இடது பக்கமே அடிச்சான். எங்க பிள்ளை துணி சுத்தின தோளோட அந்தச் சேத்துல பாய்ஞ்சு பந்தைக் கட்டிண்டு கிடந்தான். எழுந்திருக்கவே இல்லை, ஆட்டம் முடிஞ்சுதுன்னு ஊதறதுக்குள்ள நான் நூறு தெய்வத்தைக் கூப்பிட்டுட்டேன். ஜெயிச்சாச்சு. செக்ரெட்டரி ஓடிப்போய்ச் சந்தானத்தைத் தோள்ல தூக்கினார். செம்பட்டைத் தலையன் தூரத்துலேர்ந்து எங்க வண்டியைப் பார்த்து நெத்தியில கையை வெச்சு ஒரு சலாம் போட்டான். நான் கதவைச் சாத்திண்டுட்டேன்.

இவர் வண்டிக்காரனுக்குப் பக்கத்துல ஏறி உட்கார்ந்துண்டு வந்தார். சந்தானம் பின்படியில நின்னுண்டு வந்தான். ஆத்துக்குள்ள வந்து செருப்பைக் கழட்டினதும் என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்துல அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை.

"அந்தச் செம்பட்டைத் தலையனுக்குத் தமிழ் தெரியும்டி. போன ஆட்டத்துல கடைசியில அவன் மூக்கை வெந்த கத்திரிக்காய்ன்னேன், மூக்கைத் தடவிண்டு சிரிச்சான். அந்த ரெண்டு கோலும் நான் போட்டது. என் பிள்ளைக்கு நானே எமனா இருந்திருக்கேன். அதான் இன்னிக்கு வாயைத் தைச்சுண்டு நின்னேன். நீ போய்க் குழந்தையோட தோளைக் காட்டிக் கொடுத்துட்டு வந்திருக்கே."

இந்த மனுஷன் ஒரு வாரமா இதை மனசுல வெச்சுண்டா என் கஷாயத்தைக் குடிச்சார்? அவர் உடைஞ்சு போயிடுவார்னு நாங்க மறைச்சோம். உடைஞ்சதை எங்களுக்குக் காட்டாம அவர் மறைச்சார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சந்தானம்தான் முன்னாடி வந்தான். சேத்தோட துணியைப் பிரிச்சுப் போட்டுட்டு இடது கையை நேரே கூரைக்குத் தூக்கிக் காட்டினான். நடந்ததை ஒண்ணு விடாமச் சொன்னான். இவர் கேட்டுண்டே அந்தத் தோளை விரலால அமுக்கிப் பார்த்தார். இன்னும் அமுக்கிப் பார்த்தார். வலிக்கலையான்னு கேட்டார். வலிக்கலைப்பான்னான். இவர் அங்கவஸ்திரத்தால மூஞ்சியை அழுந்தத் துடைச்சுண்டார். நுனியெல்லாம் பல்லு பட்டு ஈரமா இருந்தது.

"அந்தப் பெனால்டிக்கு அரை நொடி தாமதமாத்தாண்டா விழுந்தே."

சொன்னதுதான் தாமதம், மடை திறந்துடுத்து. கேப்டன் காலு, நடுவுல ஆடறவனோட தூக்கம், செக்ரெட்டரியோட புத்தி, அன்னிக்கு முழுக்க அடக்கி வெச்சது அத்தனையும் கொட்டினார். சமையலுள்ளுல ரசம் ஆறிண்டிருந்தது. சந்தானம் சுவத்துல சாய்ஞ்சு உட்கார்ந்துண்டு, கண்ணை மூடிண்டு, ஒரு வார்த்தை விடாமக் கேட்டுண்டிருந்தான். சாப்பிட வாங்கோன்னு நான் கூப்பிடலை.