நான் வராத நாள்

இதுவரை நான்கு பிரசவங்களால் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நான் மருத்துவச்சி இல்லை, டிரெயினிங் முடித்த டீச்சர். ஜில்லா போர்டு பள்ளிக்கூடங்களில் நிரந்தர டீச்சர் யாராவது பிள்ளை பெறப் போனால், அவர் திரும்பி வரும்வரை அவருடைய நாற்காலியில் உட்காரச் சொல்லி எனக்கு ஆர்டர் வரும். லீவு வேகன்சி என்று அதற்குப் பெயர். புதிதாகக் கல்யாணமான டீச்சர்களிடம் "ஏதும் விசேஷம் உண்டா?" என்று என்னளவுக்கு அக்கறையாக விசாரிக்கிற ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது.

1959இல் மீனம்மாள் டீச்சரின் மூன்றாவது பிள்ளை புண்ணியத்தில் அன்னவாசலுக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு எனக்கு வாய்த்தது. அந்த வருஷம் திருமயம் பக்கம் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் திறக்க இருந்தார்கள். அங்கே ஒரு நிரந்தர இடம் உண்டு. நானும் மனுப் போட்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் என்றைக்காவது வந்து, நான் பாடம் நடத்துவதைப் பார்த்து, "சொர்ணவல்லி ஏற்றவர்" என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரி கிடைத்தால் அடுத்தவள் வயிற்றைப் பார்த்துப் பிழைக்கிற பிழைப்பு எனக்குத் தீரும்.

ஒரு வியாழக்கிழமை காலை, பிரேயர் முடிந்த கையோடு ஹெட்மாஸ்டர் ஆத்மநாதன் மூச்சிரைக்க வந்தார்.

"டீச்சர், புது இன்ஸ்பெக்டர் பஸ்ஸை விட்டு எறங்கி டீக்கடையில நிக்கிறாராம். அவருக்கு நம்ம யார் மொகமும் தெரியாது. நம்ம பிரகதாம்பாள் இன்னிக்கு வரலை."

பிரகதாம்பாள் மூன்றாம் வகுப்பின் நிரந்தர டீச்சர். ஹெட்மாஸ்டருடைய மனைவியின் தங்கை. மகனுக்குக் காதுகுத்து என்று ஐயனார் கோயிலுக்குப் போயிருந்தார். லீவு லெட்டர் எழுதிக் கொடுக்கவில்லை. அக்காள் வீட்டுக்காரரிடம் யாராவது லீவு லெட்டர் கொடுப்பார்களா?

"இன்னிக்கு ஒரு நாள் நீங்க பிரகதாம்பாளா மூணாம் வகுப்புல உக்காந்துருங்க. ஒங்க வகுப்பை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"அப்ப என் பேருக்கு நேரா என்ன சார் போடுவீங்க?"

"வரலைன்னு போடுவோம். நீங்க லீவு வேகன்சிதானே. வந்தீங்களா வரலையான்னு எவன் கேக்கப் போறான்?"

"என் மனு விஷயமா வந்திருந்தாருன்னா?"

"அதுக்கு முன்கூட்டியே கடுதாசி வரும் டீச்சர். இது சும்மா எட்டிப்பாக்கிறது. அடுத்த மாசம் ஒங்க ஆர்டரை நீட்டிக்கச் சொல்லி நான்தான் எழுதணும், ஞாபகம் வச்சுக்கங்க."

ஞாபகம் வைத்துக்கொண்டேன். ஆஜர் பதிவேட்டில் பிரகதாம்பாள் என்று கையெழுத்துப் போட்டேன். பதிலுக்கு வந்தவள் இன்னொருத்திக்கும் பதிலானேன்.

மூன்றாம் வகுப்பில் போய், "இன்னிக்கு மட்டும் நான்தான் பிரகதாம்பாள் டீச்சர்" என்றேன்.

முன்வரிசையில் இருந்த அழகி எழுந்தாள். "அப்ப பிரகதாம்பாள் டீச்சர் யாரு டீச்சர்?"

இந்த வகுப்பில் இத்தனை நாளில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுவாகத்தான் இருக்கும். உட்காரச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். பிள்ளைகளிடம், "டீச்சர் தெனமும் என்ன சொல்லிக் குடுக்கிறாங்க?" என்று கேட்டார்.

"காக்கா வெரட்ட" என்றது ஒரு வாண்டு.

பிரகதாம்பாள் பள்ளிக்கூடத்து முற்றத்தில் வடகம் காயப்போடுவார். காவலுக்கு முறை வைத்துப் பிள்ளைகள் போகும். எனக்கு வியர்த்துவிட்டது. இன்ஸ்பெக்டரோ, "பேஷ், இயற்கைப் பாடம்" என்று குறித்துக்கொண்டார்.

கடன் வாங்கிக் கழித்தல் நடத்தினேன். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகத் துணியில் முடிந்து கொடுத்து, உதிரிக்கொட்டை போதாதபோது ஒரு முடிச்சை அவிழ்க்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் வாண்டுகள் எல்லாம் தப்பில்லாமல் கழித்தன. சந்தோஷத்தில் யார் பேரில் நடத்துகிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இந்தக் கணக்கை இப்படி நடத்தி நான் பாத்ததில்லை" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆபீஸ் ரூமுக்கு வாங்கம்மா. என் குமாஸ்தா லீவு. நான் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் எழுதணும்."

குமாஸ்தாவுக்கும் பதில் நானே. அவர் சொல்ல, பிரகதாம்பாள் இந்த பிர்க்காவிலேயே சிறந்த ஆசிரியை என்று முத்து முத்தாக எழுதினேன். பிறகு அவர் ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"சொர்ணவல்லின்னு ஒரு லீவு வேகன்சி டீச்சர் இருக்காங்களாமே. திருமயம் வேலைக்கு அவங்களைப் பாக்கத்தான் முக்கியமா வந்தேன். எங்க?"

ஹெட்மாஸ்டர் கூரையைப் பார்த்தார். "அவங்க இன்னிக்கு வரலைங்க."

"லீவு லெட்டர்?"

"இல்லைங்க."

"எழுதுங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "சொர்ணவல்லி, முன்னறிவிப்பின்றி வரவில்லை. பொறுப்பற்றவர். நிரந்தரப் பணிக்கு ஏற்றவரல்லர்."

பேனாவைக் கீழே வைத்தேன். "ஐயா, சொர்ணவல்லி நான்தாங்க" என்று நடந்ததை எல்லாம் சொன்னேன்.

அவர் ஆஜர் பதிவேட்டை இழுத்துப் பார்த்தார். "காலையில பிரகதாம்பாள்னு கையெழுத்துப் போட்டது?"

"நான்தாங்க."

கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "இதை நான் ரிப்போர்ட் பண்ணினா பொய்க் கையெழுத்துக்கு மொதல்ல போறது ஒங்க சர்ட்டிபிகேட். அடுத்து இவரு. மூணு காப்பி எழுதணும், விசாரணை வரும், நானும் திருச்சிக்கு அலையணும். குமாஸ்தா வேற இல்லை. நீங்க சொன்னது எதையும் நான் காதுல வாங்கலைம்மா. எழுதுங்க."

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவர்மேல் பாதி, காலையில் ஞாபகம் வைத்துக்கொண்ட என்மேல் பாதி. ஆனாலும் சர்ட்டிபிகேட்டை விட முடியுமா? நான் பொறுப்பற்றவள் என்று பொறுப்பாக எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் பாராட்டிவிட்டு, பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை மொட்டை போட்ட மகனோடு பிரகதாம்பாள் வந்தார். கிடாக்கறி நன்றாக இருந்ததாம். நான் நான்காம் வகுப்புக்குப் போகுமுன் ஹெட்மாஸ்டர் ஒரு தாளை நீட்டினார். முந்தின நாள் பணிக்கு வராததற்கு எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று அதில் இருந்தது.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். ரிப்போர்ட்ல ஏறிப்போச்சு, பைல்ல ஒரு காகிதம் இருக்கணும். சும்மா ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

நின்றபடியே எழுதினேன்.

"ஐயா, நேற்று முழுவதும் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபடியால் பள்ளிக்கூடத்துக்கு வர இயலவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படிக்கு, சொர்ணவல்லி."

ஹெட்மாஸ்டர் வாங்கினார். கீழே கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, "விளக்கம் ஏற்கப்பட்டது" என்று எழுதி பைலில் கோத்தார்.