இருபத்திமூன்று கைகள்

ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்த கையோடு நீக்கிலாப்பிள்ளை மில்லிக்கன் புறநகரில் தன் வீட்டு வாசலில் நின்று தலைகளை எண்ணினார். விட்பி நகரிலிருந்து மைத்துனர் குடும்பம் வந்துவிட்டது. ஒஷாவாவில் இருக்கும் மருமக்களுக்கு இரண்டு தரம் போன் எடுத்தாயிற்று. தன்னோடு சேர்த்து இருபத்திமூன்று பேர். எல்லோருடைய கட்சி உறுப்பினர் படிவத்தையும் நிரப்பியவர் அவர்தான். கையெழுத்தை மட்டும் அவர்கள் போட்டார்கள். எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. புலம்பெயர்ந்த எங்கள் ஆட்களின் கட்சி அரசியல் அப்படித்தான் நடக்கிறது. மூத்தவர் கை தூக்கினால் குடும்பமே தூக்கும்.

அன்று பிளாசா மண்டபத்தில் தொகுதிக் கிளையின் கூட்டம். அரசுப் பணத்தில் நடக்கும் மத மருத்துவமனைகள், வன்புணர்வுக்கு ஆளாகி வரும் பெண்களுக்கு அவசரக் கருத்தடை மாத்திரை கொடுக்க வேண்டும் எனக் கட்சி வலியுறுத்த வேண்டும் என்பது தீர்மானம். கொண்டுவந்தவர் செயலாளர் பத்மநாதன். எதிர்த்தவர் தலைவர் நீக்கிலாப்பிள்ளை.

ஒரு மாதமாக இரண்டு அணியும் வட்ஸ்அப்பில் அடிபட்டன. தலைவர் தேவாலயச் சுவாமிமாருக்குக் கட்சியை விற்றவர் என்றது ஒரு பக்கம். செயலாளர் குடும்பங்களைக் கெடுக்க வந்தவர் என்றது மறு பக்கம். தீர்மானம் வென்றால் தலைவர் பதவி பத்மநாதனுக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மாத்திரையை எத்தனை நாளுக்குள் விழுங்க வேண்டும் என்பது மட்டும் இரு பக்கத்திலும் ஒருவருக்கும் தெரியாது.

மண்டபத்துக்கு அவரை ஏற்றிப் போன வாகனத்தை ஓட்டியவள் அவருடைய மகள் அன்ரனெற்.

சிற்றுண்டிக்கு வைத்த ரோல்ஸ் தட்டுகள் வெறுமையானதும் வாக்கெடுப்பு தொடங்கியது. எதிர்ப்பவர்களைக் கை தூக்கச் சொன்னதும் நீக்கிலாப்பிள்ளை நிமிர்ந்து எழுந்து கையை உயர்த்தினார். பின்னால் கைகள் எழுந்தன. எண்ணினார். தன்னுடையதோடு இருபத்திரண்டு. குறைந்தது அன்ரனெற்றின் கை.

"பிள்ளை, கையைத் தூக்கு."

"மாட்டன் அப்பா."

வீட்டில் கதைப்போம் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"வீட்டில எட்டு மாசமாக் கதைக்க விடேல்லையே." அன்ரனெற் எழுந்தாள். "மாசியில, எனக்கு அது நடந்த அண்டைக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தானே. எங்கட சமயத்து ஆஸ்பத்திரி, நல்லாப் பாப்பினம் எண்டியள். காயத்துக்கு மருந்து போட்டவை. மாத்திரை கேட்டன். இங்க தாறதில்லை, வேற இடம் போங்கோ எண்டிச்சினம். போவம் எண்டு உங்களைக் கெஞ்சினன். தமிழாக்கள் ஆரும் கண்டிடுவினம் எண்டு காரை வீட்டுப் பக்கம் திருப்பினியள். ஆறாம் நாள்தான் நான் கட்டிலால எழும்பித் தனியப் பாமசிக்குப் போனன். அஞ்சு நாளுக்குள்ள விழுங்கியிருக்கோணும், பிந்திப் போச்சு எண்டிச்சினம்."

அதன் பிறகு கரு தங்கிக் கலையும்வரை அவள் பட்டது தாய்க்கு மட்டும் தெரியும். அந்தத் தாயின் கையும் அப்போது உயர்ந்துதான் இருந்தது.

பத்மநாதனுக்குச் சந்தோசத்தை மறைக்கத் தெரியவில்லை. "கண்டியளே, அண்ணையின்ர மகளே எங்கட பக்கம்."

"உங்கட பக்கமும் இல்லை அங்கிள். இந்த ஒரு மாசத்தில என்னைப்போல ஒரு பிள்ளையோடயாவது கதைச்சனீங்களோ? அப்பாவுக்கு மானம், உங்களுக்குத் தலைவர் கதிரை."

பத்மநாதன் கையிலிருந்த தீர்மானக் கடதாசியை மடித்தார்.

எவர் முன்னும் குனியாத நீக்கிலாப்பிள்ளை, தூக்கிய கையை மெல்ல இறக்கினார். பின்னால் இருபத்தொரு கைகளும் அந்தக் கணமே இறங்கின. அதைக் கண்டதும் அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"என்னைப் பாத்து இறக்காதேங்கோ," என்றார். "பேரைக் காப்பாத்தப் போய்ப் பிள்ளையைக் கைவிட்டவன் நான். பிள்ளையைக் காப்பாத்தாத மானம் எங்களுக்கு என்னத்துக்கு? பத்மநாதன், தீர்மானத்தைத் திரும்ப வாசியும். இந்த முறை அவரவர் யோசிச்சுக் கையைத் தூக்கட்டும்."