சூராகானின் சிவந்த கண்

காலையில் வாய்க்கால் கரைக்கு வருகிறவர்கள் முதலில் தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள். சூராகானின் கண்ணைத்தான் பார்ப்பார்கள். இரண்டும் மிளகாய் பட்டதுபோல் சிவந்திருக்கும். பார்த்துவிட்டு, தங்களுக்குள் தலையாட்டிக்கொண்டு மண்வெட்டியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள்.

புருஷன் மெதெர் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பம் வைத்துக்கொண்ட செய்தி முந்தின வருஷக் குளிர்காலத்தில் ஊருக்கு எட்டியதிலிருந்து இப்படித்தான். ராத்திரி முழுக்க அழுகிறாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவள் காதுபடவும் பேசினார்கள். ரொட்டி சுடப் போனால் ஊர்ப் பொது அடுப்படியில் யாராவது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மனச விட்டுராத அக்கா" என்பார்கள். சூராகானுக்கு அதுதான் தாங்காது. யாராவது திட்டினால் திருப்பித் திட்டலாம். பாவம் பார்க்கிறவளை என்ன செய்வது?

அவள் அந்த ஊரின் நீர்க்கட்டி. பனி உருகி மலையிலிருந்து வரும் தண்ணீரை யார் வயலுக்கு எப்போது விடுவது, எந்த மடையை எப்போது அடைப்பது எல்லாம் அவள் கையில். அந்த வேலைக்கு அதுவரை அந்த ஊரில் பெண்கள் வந்ததில்லை. வந்த முதல் வருஷமே கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுபோனவள் அவள். அப்படிப்பட்டவள் தலையணையை நனைத்துக்கொண்டு கிடக்கிறாளாம்.

கண் சிவந்து எரிவது என்னவோ உண்மை. எழுந்ததும் இமைக்குள் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும். மதியம் ஆக ஆகக் குறையும். ஆறிய தேயிலைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தாள். பக்கத்து ஆத்பாஷி ஊர்ச் சந்தையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டாள். ஒரு மணி நேரம் கண் பால்போல் வெளுத்தது. பிறகு முன்னைவிடச் சிவந்தது. டாக்டரிடம் போக அவளுக்கு மனமில்லை. போனால், 'அழுது அழுது கண்ணையே கெடுத்துக்கிட்டா' என்று அதையும் கதை கட்டுவார்கள்.

மார்ச் கடைசியில் மெதெரின் தங்கை ஐனாஷ் வந்து தங்கினாள். அண்ணன் அப்படிச் செய்ததற்கு இவள்தான் இரண்டு மடங்கு வெட்கப்பட்டவள். அண்ணியும் நாத்தனாரும் கணப்புக்குப் பக்கத்தில் மெத்தை விரித்துப் படுத்தார்கள். விடியும்போது ஐனாஷ் போட்ட கூச்சலில் முற்றத்து நாய்கூடக் குரைத்தது.

"என்னடி, யாரு செத்தது?" என்று எழுந்து உட்கார்ந்தாள் சூராகான்.

"நீங்கதான்னு நினைச்சேன் அண்ணி. கண்ணு ரெண்டும் பாதி திறந்து வெள்ளை முழி தெரியுது. கூப்பிட்டா அசையல. குறட்டை மட்டும் வருது."

"செத்தவ எங்கயாவது குறட்டை விடுவாளா?"

"அதான் இன்னும் பயந்துட்டேன்."

மறுநாள் விடிகாலையில் ஐனாஷ் சத்தமில்லாமல் கைபேசியில் படம் எடுத்துக் காட்டினாள். சூராகான் தன்னையே வெகுநேரம் பார்த்தாள். அழுகிற முகமில்லை அது. நல்ல ஆழ்ந்த தூக்கம். இமைகளுக்கு நடுவே மட்டும் ஒரு வெள்ளைக் கீற்று. அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "இத வச்சா ஊரு என்னைப் பாவம் பாத்துச்சு?" என்றாள். அன்றே நாரின் நகரத்துக்குப் பஸ் ஏறினார்கள்.

கண் டாக்டர் ராசியா நிதானமான பெண். கண்ணை மெல்ல மூடச் சொல்லிக் குனிந்து பார்த்தாள். "இறுக்க வேணாம், தூங்கற மாதிரி மூடுங்க. ம், பாருங்க, இடைவெளி விழுது." பிறகு கீழிமைக்குள் ஒரு மெல்லிய தாள்துண்டைச் செருகி வைத்து, சிறிது நேரம் கழித்து எடுத்தாள். தாளின் நுனி மட்டும்தான் நனைந்திருந்தது.

"சிலருக்குத் தூக்கத்துல இமை முழுசா மூடாது. ராத்திரி பூரா கண்ணு காய்ஞ்சு கிடக்கும், காலைல சிவந்துரும். உங்களுக்குக் கண்ணீர் சுரக்கறதும் கம்மி. அதுமேல கணப்புச் சூடு வேற."

"என் கண்ணுல தண்ணி கம்மியா?" என்று கேட்டாள் சூராகான்.

"ரொம்பவே கம்மி."

"இவ காதுல விழற மாதிரி இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சொன்னாள். ஐனாஷ் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சந்தை மருந்தைத் தூக்கிப் போடச் சொன்னாள் ராசியா. அது சிவப்பைக் கொஞ்ச நேரம் மறைக்குமே தவிர ஆற்றாதாம். தேயிலைத் தண்ணீரும் கூடாது. பகலில் கண்ணீர்போலவே இருக்கும் ஒரு சொட்டு மருந்து, படுக்கும்போது கண்ணுக்குள் ஒரு களிம்பு. இமையை மூடி மேலே மெல்லிய பட்டி ஒட்டிக்கொள்ள வேண்டும். எப்படி என்று ஒட்டிக் காட்டினாள். மெத்தையைக் கணப்பிலிருந்து தள்ளிப் போட்டு, கணப்பின் மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைக்கச் சொன்னாள். "வலி கூடினாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ காத்துக்கிட்டு இருக்காதீங்க. உடனே வந்துருங்க."

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது சூராகான் நடந்த நடையைப் பார்த்து, குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தவள் என்றுதான் நினைத்திருப்பார்கள். இரண்டு பேருக்கும் கறி வைத்துச் சுட்ட சம்சா சூடாக வாங்கினாள். அவள் பங்கையும் ஐனாஷ் பங்கில் பாதியையும் அவளே தின்றாள்.

ஏப்ரலில் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் ஊர்க்கூட்டம். அந்த வருஷத்துக்கு நீர்க்கட்டி யார் என்று முடிவு செய்ய வேண்டும். மேல்மடையில் நிலம் வைத்திருக்கும் குபாத் முதலில் எழுந்தான். முறை தவறித் தண்ணீர் திருப்பியதற்காகப் போன கோடையில் சூராகான் அவன் மடையை அடைத்துப் பூட்டுப் போட்டிருந்தாள். அதை அவன் பேசவில்லை. குரலில் தேன் தடவிக்கொண்டு பேசினான்.

"நம்ம அக்கா மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா அவங்க கண்ணப் பாருங்க. ராத்திரி பூரா அழுவுற பொம்பளைய விடியக்காலம் மடைக்கு அனுப்பறது பாவம். அவங்க ஓய்வெடுக்கட்டும். என் மச்சான் சும்மாதான் இருக்கான்."

சிலர் தலையாட்டினார்கள். சூராகான் எழுந்தாள். சிகிச்சையில் கண் பாதிதான் தெளிந்திருந்தது. மறைக்காமல் நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தாள்.

"நான் அழறதுக்காக ராத்திரி முழிக்கல. தூங்கறேன். நல்லாவே தூங்கறேன், கண்ணு மட்டும் மூட மாட்டேங்குது. நாரின்ல டாக்டர் தாள் வச்சுப் பாத்தாங்க. என் கண்ணுல தண்ணியே பத்தலையாம். அழணும்னு நெனச்சாக்கூட மருந்துக்கடைல வாங்கித்தான் அழணும். நம்பலைன்னா, இதோ ஐனாஷ் இருக்கா. அவளக் கேளுங்க."

ஐனாஷ் எழுந்து, "குறட்டையும் விடுறாங்க. அதுக்கும் நான் சாட்சி" என்றாள்.

மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் கடைமடை விவசாயி ஒருவர் பின்வரிசையிலிருந்து சொன்னார்: "தன் கண்ணுக்கே ஒரு சொட்டு கூடுதலா விடாதவ, உன் வயலுக்கா விடுவா குபாத்? உன் கஷ்டம் புரியுது, உக்காரு."

குபாத் உட்கார்ந்தான். சூராகானுக்காகக் கைகள் தூக்கப்பட்டபோது அவன் கையும் அரைகுறையாக மேலே போனது.

திரும்பும் வழியில் ஐனாஷ் அண்ணியின் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள். பிறகு கேட்டாள்: "எங்கண்ணனுக்காக நெசமாவே நீங்க அழலையா அண்ணி?"

"இல்லடி. கோபப்பட்டேன். அவன் விட்டுட்டுப் போன கம்பளிக் கோட்ட எரிச்சேன். அழல."

"ஒரு தடவகூடவா?"

சூராகான் வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினாள். "முத வருஷம் ஒரு தடவ. கடைமடைக்குத் தண்ணி வராதுன்னு எல்லாரும் அடிச்சுச் சொன்னாங்க. கரைய ஒசத்திக் கட்டினோம். தண்ணி கடைசி வயலுக்குள்ள போனப்ப நான் தனியாத்தான் நின்னேன். அங்க உக்காந்து அழுதேன், வாய் விட்டு. அதுக்கு இருந்த தண்ணி போதுமா இருந்துச்சு."

மே மாதம் முதல் தண்ணீர் இறங்கியது. சூராகான் இமை மேலிருந்த பட்டியை உரித்துவிட்டு, முகம் கழுவி, மண்வெட்டியோடு தலைமடைக்குப் போனாள். வாய்க்கால் கரையில் வந்தவர்கள் பழக்கத்தில் அவள் கண்ணைப் பார்த்தார்கள். லேசான சிவப்பு ஓரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

"என்ன பாக்கறீங்க?" என்றாள். "மடைப் பலகையத் தூக்குங்க. தண்ணி வருது."