கொய்யாவின் பதிவு

கணினித் திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு வந்தால் கோடு முள்முள்ளாக எழும். மௌனம் வந்தால் தரையோடு படுத்துவிடும். டாக்டர் ரெமெடியோஸ் தைதாகே, எல்லாருக்கும் ரெமி, பதினாறு வருடமாக இந்தக் கோட்டைப் பார்த்து வருகிறாள். பள்ளி ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கும் முதுகலைப் படிப்புக்கு அவள்தான் பொறுப்பு. இரண்டாம் ஆண்டில் ஏழு மாணவர்கள். ஒவ்வொருவரும் ஒரு பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி, அந்தப் பேச்சைப் பதிவு செய்து கொண்டுவருவார்கள். அவர்களோடு அமர்ந்து அதைக் கேட்பது ரெமியின் வேலை. எங்கே காது கொடுத்தார்கள், எங்கே அவசரப்பட்டார்கள் என்று சொல்ல வேண்டும். கேட்டு முடித்ததும் பதிவை அழித்துவிட வேண்டும். பிள்ளையின் பெயர் எங்கும் வரக்கூடாது.

அதனால் அந்த ஏழு பேரில் ஒருத்தியான ரோவெனா, தன்னிடம் வரும் பிள்ளைகளுக்குப் பழங்களின் பெயரை வைத்திருந்தாள். அன்னாசி எதற்கெடுத்தாலும் சண்டை போடுவான். பப்பாளி நாற்பது நிமிடமும் அழுவாள்.

"இன்னிக்குக் கொய்யா, டாக்டர்," என்றாள் ரோவெனா. "புதுசு. ஒன்பதாம் வகுப்பு. பேசவே மாட்டாள்னு நெனச்சேன். கடைசில நான்தான் வாய மூட முடியாம ஒளறிட்டேன். கேளுங்க, திட்டுங்க."

ரெமி சிரித்தாள். கோடு எழுந்தது.

"எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல," என்றது ஒரு பெண் குரல்.

அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. 'தெரியல' என்பதை மூக்கால் இழுத்து, கடைசியில் விட்டுவிடுகிற அந்தக் குரலை, அது பேசக் கற்ற நாளிலிருந்து ரெமிக்குத் தெரியும். தங்கை மினாவின் மகள் மரிஸா.

தெரிந்த குரல் என்றால் அந்த நொடியே நிறுத்து, வேறொரு ஆசிரியரிடம் கொடு. இது ரெமி முதல் வகுப்பிலேயே சொல்லித்தரும் பாடம். கடைக்குப் போனால் இரண்டு உறவினரையாவது பார்க்கிற தீவு இது. அவளுடைய அறைச் சுவரில் பள்ளிகளின் வரைபடம் ஒன்று இருக்கிறது. எந்த மாணவரின் உறவுப் பிள்ளை எங்கே படிக்கிறது என்று வண்ண ஊசி குத்தி, அந்தப் பள்ளியைத் தவிர்த்துத்தான் ஆகஸ்டில் இடம் ஒதுக்குவாள். தன் உறவுக்கும் ஊசி குத்தியிருந்தாள். ஜனவரியில் மினா வீடு மாறினாள், மகளுக்குப் பள்ளி மாறியது. புது வீட்டுக்குப் பெட்டி தூக்கிக் கொடுத்தவளே ரெமிதான். ஊசியை நகர்த்த மட்டும் மறந்துபோனாள்.

அவள் கை சுட்டெலிக்குப் போனது. இந்தப் படிப்பில் இருந்த இன்னொரு ஆசிரியரின் இடம் ஒன்றரை வருடமாகக் காலி, வேறு யாரிடம் கொடுப்பது என்று மனம் உடனே ஒரு காரணத்தை எடுத்து நீட்டியது. அது வெறும் சாக்கு என்றும் அவளுக்குத் தெரிந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது.

"அம்மா ஜூன்ல வேலைக்கு லாஸ் வேகாஸ் போறாங்க. ரெண்டு வருஷம். டிக்கெட் எடுத்தாச்சு. என்ன ஆன்ட்டி வீட்ல விடறாங்க."

"அது உனக்கு எப்படி இருக்கு?" என்று பதிவில் ரோவெனா கேட்டாள்.

"ஆன்ட்டி நல்லவங்கதான். அம்மா கேட்ட உடனே சரின்னுட்டாங்க. எனக்கு ரூம் ரெடி பண்றாங்க. நீல பெயிண்ட் அடிச்சு போட்டோ அனுப்புனாங்க. நீலம் எனக்கு ஆறு வயசுல புடிக்கும்." சின்னச் சிரிப்பு. "அந்த வீட்ல சத்தமே இருக்காது. கடிகாரம் கேக்கும். எல்லாரும் அவங்ககிட்டதான் போய்ப் பேசுவாங்க. மத்தவங்க பேசறதக் கேக்கறதுதான் அவங்க வேலையே. என்கிட்ட மட்டும் யாரும் கேக்கல, நீ வரியான்னு. அவங்களும் கேக்கல."

கோடு படுத்தது. ரெமி தன்னை அறியாமல் எண்ணினாள். மாணவர்களுக்கு அவள் சொல்லித்தருவதுதான்: பிள்ளை பேச்சை நிறுத்தினால் நீ பேசாதே, மனதுக்குள் எண்ணு, இருபது வரை போகலாம், பெரும்பாலும் அதற்குள் உண்மை வந்துவிடும். பதினோரு விநாடி தாண்டியபோது கோடு திடுக்கென எழுந்தது. "ஆனா அவங்க ரொம்பப் பாசமா இருக்கற மாதிரி தெரியுதே!" என்றது ரோவெனாவின் குரல். அதன் பிறகு கொய்யா, ஆமாம், ஆமாம் என்று மட்டும் சொன்னாள்.

புதன் இரவு அடித்த நீலப் பெயிண்டில் ஒரு துளி ரெமியின் மணிக்கட்டில் இன்னும் இருந்தது. அவள் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அங்கதான் கெடுத்துட்டேன், இல்ல டாக்டர்?"

"பதினோரு விநாடி பொறுத்திருக்க. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்." தன் குரல் எப்போதும் போலவே இருப்பதைக் கேட்க ரெமிக்கு அருவருப்பாக இருந்தது. "நீ ஏன் அந்த ஆன்ட்டிக்காகப் பேசின?"

ரோவெனா யோசித்தாள். "பாவமா இருந்துச்சு. ரூமுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. எல்லாரும் போய்ப் பேசறாங்கன்னா, ஏதோ சர்ச்சுல ஆலோசனை சொல்றவங்க போல." பையில் குறிப்பேட்டைத் தேடிக்கொண்டே தொடர்ந்தாள். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் டாக்டர். பதிவுக்குச் சம்மதப் படிவம் குடுத்தேன் இல்லையா? மத்த பிள்ளைங்க யாரும் படிக்கவே இல்ல. இவ ரெண்டு தடவ படிச்சா. கீழ 'இதைக் கேட்கக்கூடியவர்'னு உங்க பேரு இருக்குல்ல, அதுல வெரல வெச்சு, இவங்க நெஜமாவே கேப்பாங்களான்னு கேட்டா. எல்லாத்தையும் கேப்பாங்கன்னு சொன்னேன். சரின்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் கையெழுத்து வாங்கிட்டு வந்துட்டா."

மினா கையெழுத்துப் போடும் விதத்தை ரெமி அறிவாள். காரின் ஸ்டீயரிங் மேல் தாளை வைத்து, எந்த இடம் என்று மட்டும் கேட்டு, படிக்காமலே போட்டுவிடுவாள்.

"அடுத்த வியாழன் என்ன கேக்கட்டும் டாக்டர்?"

இதோ வழி என்று பட்டது. ரோவெனாவின் வாயில் ஒரு கேள்வியை வைத்தால் போதும். ஆன்ட்டிக்கு இது தெரியவேண்டும் என்று நினைக்கிறாயா? ஒரே வரி. அடுத்த வெள்ளிக்கிழமை பதில் இதே திரையில் பச்சையாக எழுந்து நிற்கும். ரெமி வாயைத் திறந்தாள். எந்தக் கேள்வியைச் சொன்னாலும் அது மரிஸாவுக்கான கேள்வி இல்லை, தனக்கானது என்று தோன்றியது. வாயை மூடினாள்.

"நீயா எதுவும் கேக்காத," என்றாள். "அவ விட்ட எடத்துலேருந்து அவளே ஆரம்பிக்கட்டும்."

ரோவெனா போனதும் பதிவை அழித்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று கணினி ஒருமுறை கேட்டது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, மாணவர்களை எழுதச் சொல்லும் வரிசையில் யோசித்துப் பார்த்தாள். பிள்ளைக்கு ஆபத்தா? இல்லை. யாராவது அடிக்கிறார்களா? இல்லை. தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்வாளா? அப்படி ஒரு சொல்லும் இல்லை. ஆபத்து இல்லையென்றால் அறைக்குள் கேட்டதை வெளியே எடுக்கக்கூடாது, பெற்ற தாயிடம்கூட. ஒரு பெண்ணுக்கு ஒரு வீட்டில் இருக்க விருப்பமில்லை, அவ்வளவுதான். அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. மினாவிடம் ஏதாவது பொய் சொல்லி, என்னால் முடியாது என்றுவிடலாம். மினா போகாமல் நின்றுவிடமாட்டாள். மகளை வடக்கே கணவன் வீட்டாரிடம் விடுவாள், அங்கே ஏற்கெனவே மூன்று அறையில் பதினோரு பேர். ரெமி கேட்பாள் என்று தெரிந்தேதான் மரிஸா பேசினாள் என்றால், ரெமி பேசாமல் இருப்பது அவளைக் கைவிடுவது. தெரியாமல் பேசினாள் என்றால், பேசுவதுதான் காட்டிக்கொடுப்பது. எழுந்து போய், வரைபடத்தில் ஊசியைப் பிடுங்கிச் சரியான பள்ளியில் குத்தினாள். செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் மினா வீட்டுக்கு வந்தார்கள். மழை விட்டு விட்டுப் பெய்தது. தகரக் கூரைக்குக் கீழே மினா கோழி சுட்டுக்கொண்டிருந்தாள். மேஜையில் சிவப்புச் சோறும், எலுமிச்சையும் தேங்காயும் பிசைந்த கோழியும், சோயாவில் மிளகாய் மிதக்கும் கிண்ணமும் இருந்தன.

"உப்பு எங்கடி?" என்றாள் ரெமி, ஏதாவது பேச வேண்டுமே என்று.

"பாத்தீங்களா, இன்னிக்கு இவளே கேக்கறா!" மினா புகைக்குள்ளிருந்து கத்தினாள். "இவ வீட்ல நாம உப்பு எங்கன்னு கேட்டா, எங்க இருக்கும்னு நீ நெனைக்கறன்னு திருப்பிக் கேப்பா. இதுக்கு ஒரு டாக்டர் பட்டம் வேற. மரிஸா, ரெண்டு வருஷம் நீ உப்பில்லாமத்தான் சாப்பிடணும்!"

எல்லாரும் சிரித்தார்கள். மாமா ஒருவருக்குப் புரையேறியது. மரிஸாவும் சிரித்தபடிதான் சமையலறையிலிருந்து உப்பு டப்பாவோடு வந்தாள். டப்பாவை வைத்துவிட்டு, பெரியவர்களை வணங்கும் தீவு வழக்கப்படி ரெமியின் கையை எடுத்து, குனிந்து புறங்கையில் மூக்கை ஒற்றினாள்.

"கடவுள் காப்பாத்தட்டும்," என்றாள் ரெமி, வழக்கம்போல.

ஒற்றிய கையை உடனே விட்டுவிடுவதுதான் வழக்கம். மரிஸா விடவில்லை. மணிக்கட்டைத் திருப்பி, அங்கே ஒட்டியிருந்த நீலத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ரெமியின் முகத்தைப் பார்த்தாள்.

ரெமி எண்ணத் தொடங்கியிருந்தாள். நான்கு. ஐந்து. 'நீ வரியா' என்ற கேள்வி நாக்கில் முழுதாக, இரண்டே சொல்லாக நின்றது. கேட்டால், அது எங்கிருந்து வந்தது என்று இந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒன்பது. பத்து. கூரைமேல் மழை மறுபடி இறங்கியது.

"சாப்பிட்டியாம்மா?" என்றாள்.

"சாப்பிட்டேன் ஆன்ட்டி."

மரிஸா குனிந்து, கட்டை விரல் நகத்தால் அந்தத் துளியை மெதுவாகச் சுரண்டினாள். வலிக்கவில்லை. பாதி வந்தது, பாதி வரவில்லை. நகத்தின் கீழ் மாட்டிய நீலத்தோடு அவள் இலைத்தட்டுகளை எடுத்துவைக்கப் போனாள்.